பச்சைக்கரைத் துண்டுகள்

6 ஜூலை 2025, ஞாயிறு

மூத்தவன் மகன் இசக்கிராஜ் மெட்ரோ ரயில் வேலையில் இன்ஜினியர் ஆகிவிட்டான். மஞ்சள் தொப்பியோடு நிற்கிற படம் வந்திருக்கிறது, முகம்தான் சரியாகத் தெரியவில்லை. பாண்டுப்பில் இருக்கும் மகள் வீட்டுப் பேத்தி மானசா பல் டாக்டர் படிப்பில் இந்த வருஷமும் பாஸ். அவள் தம்பி கேரம் ஆட்டத்தில் கப் வாங்கினான். சின்னக் கப்தான். சின்னதானால் என்ன, கப் கப்புதானே.

இப்போது எங்கள் உமாமகேஸ்வரி. இளையவன் கோமதிநாயகத்தின் ஒரே மகள். இதே கோலியில், இந்த ஒற்றை ரூம் வீட்டில், என் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள். ஆபீஸ்களுக்குள்ளே எது எங்கே இருக்கவேண்டும் என்று வரைந்து கொடுக்கிற வேலை. இந்தத் தடவை ஒரு மாடி முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோமதி கணக்கு எழுதுகிற அதே கப்பல் சரக்குக் கம்பெனி. தாராவிக்குப் பக்கத்திலேயே பி.கே.சி.யில் கண்ணாடிக் கட்டடம். வேலை முடியப்போகிறது. இத்தனை நாள் கோமதி ஆட்களைக் கீழ் மாடியில் நெருக்கி உட்காரவைத்திருந்தார்கள். இனி அப்பன் உட்காரும் இடம் மகள் வரைந்த இடம். தாராவியில் வேறு யார் வீட்டில் இது நடந்திருக்கிறது?

பக்கத்துக் கோலி பூமாரியிடம் சொன்னேன். கோமதிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி ரூம் வருகிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். உமா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகள் செய்யாமல் இருப்பாளா?

புது ஆபீசில் நீயும் அப்பாவும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடு என்று உமாவிடம் கேட்டேன். "பாக்கலாம் ஆச்சி" என்றாள். அவள் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

11 ஜூலை

தனி ரூம் கிடையாதாம். தனி மேஜையே கிடையாதாம்.

கோமதியும் அவன் பெண்டாட்டி கீதாவும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து உமாவின் வாயைக் கிண்டினேன். "யாருக்கும் சொந்த மேஜை இல்ல ஆச்சி. மேனேஜருக்கும் இல்ல. காலையில வந்து எங்க காலியா இருக்கோ அங்க உக்காரணும். சாயங்காலம் துடைச்சு வச்சுட்டுப் போயிரணும்."

"இது என்னட்டி, ஆபீசா தர்ம சத்திரமா?"

சிரித்தாள். பிறகு பொறுமையாகத்தான் சொன்னாள். கொரோனாவுக்கு அப்புறம் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகிவிட்டார்களாம். ஆபீசுக்கு வா என்றால் "காய்கோ, எதுக்கு?" என்று கேட்கிறார்களாம். வந்தால் நல்ல காபி வேண்டும், சேர்ந்து உட்கார்ந்து பேசப் பெரிய மேஜை வேண்டும், போன் பேசச் சின்ன ரூம், சாய்ந்துகொள்ள சோபா, செடிகள். பிள்ளை பெற்று வேலைக்கு வருகிற பெண்கள் பால் எடுத்து வைக்க ஒரு ரூம் வைத்திருக்கிறாளாம். இதெல்லாம் யோசிக்கிறாளே என் பேத்தி.

மூன்று மாடியில் இது முதல் மாடி. இது நன்றாக வந்தால் மற்ற இரண்டையும் அவளிடமே கொடுப்பார்கள்.

"அப்போ உங்கப்பன் மேஜை?"

போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

13 ஜூலை, ஞாயிறு

கோமதிக்கு இன்னும் தெரியாது. மேஜையை பாலிஷ் போட்டுத் திரும்ப ஜன்னலோரம் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்று பஜாருக்குப் போய் அதற்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தான். நான் பூட்டைக் கையில் வாங்கிப் பார்த்து நல்லா இருக்குய்யா என்றேன். வேறென்ன சொல்ல?

22 ஜூலை

நேற்று மாடி திறந்தாயிற்று. பழைய மேஜைகள் எல்லாம் லாரியில் போய்விட்டன.

கோமதி துணிப்பையோடு வந்தான். டிராயருக்குள் இருந்ததெல்லாம் பைக்குள்: மாற்றுக் கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர், சுடலைமாடன் கோயில் திருநீறு, வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைக்கிற கிண்ணம், புதுப் பூட்டு. பையை வைக்க இடம் தேடினான். கட்டிலுக்கடியில் அரிசி டின், பரணில் உமாவின் பழைய புத்தகங்கள், அடுப்பு மேடையில் கீதாவின் பாத்திரங்கள். கடைசியில் ஆணியில் மாட்டினான்.

மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

25 ஜூலை

இன்று சோபாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தானாம். இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

28 ஜூலை

கோமதிக்கு முகமே சரியில்லை. தினம் ஒரு இடம், தினம் பக்கத்தில் ஒரு புது ஆள். இன்று ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தானாம். "அவன் ஆடுததப் பாத்து எனக்குக் கூட்டல் தப்பிப் போச்சும்மா."

நான்தான் சொன்னேன். "ஏய்யா, நீதான் எல்லாரையும் விட ஆபீசுக்குக் கிட்டக்க இருக்க. சீக்கிரம் போயி ஜன்னல் பக்கம் ஒரு துண்டப் போட்டுட்டு டீ குடிக்கப் போ. யாரு உக்காருவா?"

"ஆபீசுலயா? போம்மா."

"ஆபீசுன்னா என்ன. துண்டு கெடந்தா எடம் புடிச்சாச்சுன்னு யாருக்குத்தான் தெரியாது?"

சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

29 ஜூலை

காலையில் தோளில் துண்டு இல்லாமல் போகிறவன் இன்று துண்டோடு போனான்.

2 ஆகஸ்ட்

பலித்துவிட்டது! வாரம் முழுக்க ஜன்னலோரம்தான். கூட வேலை பார்க்கிற பஞ்சு, தூரத்து டோம்பிவிலியிலிருந்து வருகிறவன், பார்த்துவிட்டு, "அண்ணே, ட்ரெயின்லதான் நின்னுக்கிட்டே வாரோம், ஆபீஸ்லயாவது ஒரு சீட் புடிச்சு வைங்க" என்றானாம். அம்பர்நாத்காரர்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் ரயிலில் ரூமால் போட்டு இடம் பிடித்தே வயதானவர்கள். கோமதி அவர்களுக்கும் சேர்த்துக் கைக்குட்டை போட்டானாம். ஏசி காற்றில் கைக்குட்டை பறந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் வேட்டி ஒன்று, அகலமான பச்சைக் கரை போட்டது, நடுவில் கிழிந்து பெட்டியில் கிடக்கிறது. செத்துப்போனவர் வேட்டியைப் பெட்டியில் வைத்து என்ன செய்ய? துண்டு துண்டாக வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தேன். கனமான துணி. பறக்காது.

கோமதி இன்று இரண்டாவது தடவை சோறு கேட்டான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "ஆபீஸ்ல எல்லாரும் உம் மகளப் பத்திப் பெருமையா பேசுவாவளே?" என்றேன்.

"அவ எம் மகள்னு அங்க யாருக்கும் தெரியாதும்மா" என்றான். வெகு சாதாரணமாகச் சொன்னான். வேலை ஆரம்பிக்கும்போதே மகள் கேட்டுக்கொண்டாளாம். அப்பா வேலை பார்க்கிற இடம் என்று தெரிந்தால் சரிவராது என்று. "எதுக்க வந்தா குட் மார்னிங் மேடம்பேன். அவளும் குட் மார்னிங் சார்ம்பா."

அவளுடைய கம்பெனியில் வீடு எங்கே என்று கேட்டால் தாராவி என்று சொல்லாமல், பக்கத்தில் வசதிக்காரர்கள் இருக்கிற மாட்டுங்கா என்று சொல்லிவைத்திருக்கிறாளாம். அதையும் அவனே சொன்னான். "பரவால்லம்மா, எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான் சொல்லுது."

மேடமா. பெத்த மகள மேடம்னு கூப்பிடுதான். நான் ஊரெல்லாம் இவ பேரச் சொல்லிக்கிட்டுத் திரியுதேன், இவ எங்க பேர எங்கயும் சொல்லல.

போட்டோ ஏன் போடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

14 ஆகஸ்ட்

இன்று நடந்ததை எழுதினால் தேவலை.

உமா வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "ஆச்சி, அது தாத்தா வேட்டிதானே?"

"மொதல்ல உக்காருட்டி" என்றேன்.

இன்று அந்தக் கம்பெனிப் பெரியவர்கள் மாடியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். உமாவும் அவள் மேலதிகாரி சாய்நாத்தும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் போனால் ஒரு வரிசை முழுக்க எல்லா நாற்காலியிலும் பச்சைக்கரைத் துண்டு. ஆளைக் காணோம். எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"பெரிய சார் கேட்டாரு, இது ஆபீசா லோக்கல் ட்ரெயினான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் ஆச்சி. தாத்தா வேட்டின்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சிரிச்சேன்."

இந்த வழக்கத்தை நிறுத்தாவிட்டால் மற்ற மாடிகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து கோமதி வந்தான். இத்தனை நாள் பேசாததெல்லாம் பேசினான். "வீட்ல எனக்குன்னு ஒரு மூலை இருக்கா? சொல்லு. அந்த ஒரு மேஜைதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்ட. நா எங்கட்டி உக்காருவேன்?"

"எனக்கு மட்டும் எங்க இருந்துச்சுப்பா? பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் பரண்ல குப்புறப் படுத்துட்டுப் படிச்சேன். காலேஜுக்கு லைப்ரரில, ஸ்டேஷன் பெஞ்சுல. எங்க காலியோ அங்க உக்காந்துதான் இவ்வளவு தூரம் வந்தேன். மேஜை வேணும்னு உங்ககிட்ட ஒரு நாளாவது கேட்டேனா?"

இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். கீதா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

துண்டு போடச் சொன்னது நான் என்று சொன்னேன். இரண்டு பேரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உமா ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு செம்பூரில் ஷைஸ்தா வீட்டுக்குப் போய்விட்டாள். கூட வேலை பார்க்கிற பெண். அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட இங்கே கூட்டி வந்ததில்லை.

16 ஆகஸ்ட்

போன் போட்டேன். "வேலை இருக்கு ஆச்சி." வைத்துவிட்டாள்.

பூமாரி வந்து, "கோமதியண்ணனுக்கு ரூம் கெடச்சாச்சா?" என்கிறாள். பெயின்ட் காயவில்லை என்று சொன்னேன்.

19 ஆகஸ்ட்

பேய் மழை. ரயில் ஓடவில்லை. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

கோமதி கட்டிலில் சம்மணம் போட்டு, தலையணை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டான். மேலே கொடியில் காயாத துணி. பக்கத்தில் கீதா இட்லிக்கு மாவு அரைக்கிறாள். எதிர்க் கோலியில் டிவி. புது மாடியைப் பற்றி ஏதோ மீட்டிங், எல்லோருடைய முகமும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒழுகுகிற இடத்தில் வைத்த குடம் நிரம்பிவிட்டது. கொட்டப் போனேன். அவனுக்குப் பின்னால் போனால் நானும் தெரிவேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒருத்தன் ஹிந்தியில் சொன்னான், கோமதிஜி, லாண்டரியில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று. சிரிப்பு. கோமதியும் சிரித்து வைத்தான்.

நான் குடத்தோடு திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் உமா இருந்தாள். சிரிக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். அப்புறம் அவள் கட்டம் கறுப்பாகிவிட்டது.

20 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை. மழையும் விடவில்லை.

22 ஆகஸ்ட்

இன்று கோமதியையும் துண்டு போடுகிற மற்றவர்களையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பஞ்சு வீட்டம்மாள் மதியமே போன் செய்தாள். சாயங்காலம் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். கோமதி வந்தவன் கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கட்டிலில்கூட உட்காரவில்லை.

"எம்மா, துண்டு போடுத பழக்கத்த ஆரம்பிச்சது யாருன்னு கேட்டாவ. சரி, போறது போகட்டும்னு நா எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள அவ எந்திரிச்சுட்டா."

"யாரு?"

"உம் பேத்திதான். 'அது எங்க வீட்டுத் துண்டு, எங்க தாத்தா வேட்டி. போட்டவரு எங்கப்பா. மழையன்னைக்கு நீங்க பாத்துச் சிரிச்சது எங்க வீடு. தாராவியில. குடத்தோட போனது எங்க ஆச்சி'ன்னா. அந்தச் சாய்நாத் சாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு."

அதோடு விடவில்லையாம். துண்டு போடுகிறவர்கள் யார் யார் என்று முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தாளாம். டோம்பிவிலி, அம்பர்நாத், தாராவி. வாரம் முழுக்கத் தவறாமல் ஆபீஸ் வருகிறவர்களும் அவர்கள்தான். வீட்டில் உட்கார இடம் இல்லாதவர்கள். "'வீட்லருந்து வேலை செய்யுதவங்களை ஆபீசுக்கு இழுக்க என்னென்ன வேணும்னு எல்லாம் கேட்டேன். தினமும் வாரவங்ககிட்ட கேக்கல. எங்கப்பாகிட்டயே கேக்கல. அது எந் தப்பு'ன்னு சொல்லிட்டாம்மா, அத்தன பேரு முன்னாலயும்."

"நீ என்னய்யா செஞ்ச?"

"நா என்ன செய்ய? மேடம்னு கூப்பிட வாயெடுத்தேன். வரல. 'உக்காரு மக்கா'ன்னேன். தமிழ்லயே சொல்லிட்டேன்."

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் ஆணியில் தொங்கும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

27 ஆகஸ்ட்

பிள்ளையார் சதுர்த்தி. தெருவெல்லாம் டோல் மேளம். உமா வந்தாள், அதே பையோடு. கீதா கொழுக்கட்டைத் தட்டை நடுவில் வைத்தாள். கோமதி அதை மகள் பக்கம் தள்ளினான். அவள் ஒன்று எடுத்துக்கொண்டு மறுபடி அவன் பக்கம் தள்ளினாள்.

5 செப்டம்பர்

மற்ற இரண்டு மாடிகள் உமாவுக்கு இல்லை. அப்பா அங்கே வேலை பார்ப்பதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும் என்று சாய்நாத் சொல்லிவிட்டாராம். இந்த மாடியைத் திருத்தி முடித்துக் கொடுக்கலாம். மற்றதை வேறு ஆள் வரைவார்.

"அவரு சொல்றது கரெக்ட்தான் ஆச்சி. நான் மறைச்சேன்ல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஆறவில்லை. மறைத்தபோது வேலை இருந்தது. சொன்னதும் போயிற்று. இதைப் பூமாரியிடம் எந்தக் கணக்கில் சொல்வது? பாஸா பெயிலா? இசக்கிராஜுக்குத் தொப்பி இருக்கிறது, அந்தப் பயலுக்குக் கப் இருக்கிறது. இவளுக்கு என்ன காட்டுவேன்?

துண்டு போடச் சொல்லாமல் இருந்திருந்தால் மூன்று மாடியும் அவளுக்கே வந்திருக்கும். அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

18 செப்டம்பர்

அப்பாவும் மகளும் தரையில் மாடி வரைந்த ஒரு பெரிய காகிதத்தை விரித்துக் குனிந்திருக்கிறார்கள். கால் வைக்க இடமில்லை. "இங்கன வெளிச்சம் கண்ல அடிக்கும்." "அப்போ திருப்பிப் போடவா?" "பஞ்சுக்குக் கால் நீட்டணும், முட்டி வலிக்காரன்." சட்டையைப் பிடிக்காத குறைதான். சண்டை போல இருக்கிறது, சண்டை இல்லை.

1 அக்டோபர்

ஆயுத பூஜை. ஆணியிலிருந்து பையை எடுத்துக் கிண்ணத்தை விளக்கிக் கொடுத்தேன். சந்தனம், குங்குமத்தோடு பையையும் கோமதி கொண்டு போனான்.

திருத்திய மாடியில் தினமும் வருகிறவர்களுக்கு மட்டும் தனி மேஜை. டிராயரும் உண்டு. ஆனால் ஜன்னலோரம் இல்லை. ஜன்னல் எல்லோருக்கும் பொது, அதில் உமா விட்டுக்கொடுக்கவில்லை. கோமதிக்குத் தூணோரம்.

"ஏசிக் காத்து நேரா மண்டையில அடிக்கி. நாளைக்கழிச்சு அவகிட்ட சொல்லணும்."

"யாருகிட்ட, மேடம்கிட்டயா?"

"எம் மககிட்ட."

பூட்டுச் சாவியை அரைஞாணில் கோத்திருக்கிறான். பை வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

உமா ஷைஸ்தாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். குனிந்து உள்ளே வந்து, எங்கே உட்கார என்று கூடக் கேட்காமல் அரிசி டின் மேல் உட்கார்ந்துகொண்டது அந்தப் பெண். நல்ல பெண். தோசை கேட்டு வாங்கித் தின்றது.

பூமாரி எட்டிப் பார்த்தாள். "என்ன சொர்ணம்மக்கா, ரூமு என்னாச்சு?"

"ரூமெல்லாம் இல்ல பூமாரி. தூணோரம் ஒரு மேஜை. எம் பேத்தி அவங்கப்பனுக்குப் போட்டுக் குடுத்தது." அவ்வளவுதான் சொன்னேன். அவள் இன்னும் ஏதோ வரும் என்று நின்றுவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஷைஸ்தாவிடம் ஒரு போட்டோ எடு என்றேன். கோமதியும் உமாவும் கட்டிலில், நடுவில் நான், கீதா நிலைப்படியில். பின்னால் கொடியில் கோமதியின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. இனி அவனுக்கு அது ஆபீசில் தேவையில்லை. பச்சைக் கரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு படம் எடுக்கட்டுமா என்று ஷைஸ்தா கேட்டாள். "ரெஹ்னே தே" என்றாள் உமா, இருக்கட்டும் என்று.

போட்டுவிட்டாள். குடும்ப குரூப்பில் மட்டும் இல்லை, அவள் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்திலும். கீழே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். "வீடு, தாராவி" என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறாளாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் கண் மூடியிருக்கிறது. இத்தனை பேர் பார்க்கிற போட்டோவில் தூங்குகிற மாதிரியா இருப்பது? காலையில் அவள் எழுந்ததும் சொல்ல வேண்டும் - இன்னொன்று எடுத்துப் போடுட்டி.